ஜப்பானுக்குக் கலை படிக்கப் போகலாமா?

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) இறுதியாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “பிரிண்ட்மேக்கிங் (அச்சுக்கலை) என் பாடம். மேற்படிப்புக்கு ஜப்பான் போக ஆசை. அங்கே படிப்பு எப்படி இருக்கும்? அந்தப் பண்பாட்டில் ஒட்டிக்கொள்ள முடியுமா? மொழிக்கும் பணத்துக்கும் என்ன வழி?”

கியோட்டோவில் முதலில் ஆய்வு மாணவனாகவும் பிறகு முதுகலை மாணவனாகவும், மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் மரவெட்டு அச்சு படித்தவன் நான். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே சொல்கிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் “ஜப்பானியக் கலையைக் கற்கப் போகிறேன்” என்று பொதுவாகக் கிளம்பாதீர்கள். ஒரு குறிப்பிட்ட பொருளையும், அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆசிரியரையும் தேடிப் போங்கள். கலை மாணவருக்கு அந்த நாடு தரும் பெரிய பாடம், வேலை தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் வேலையில்தான் இருக்கிறது. பண்பாடு என்று நீங்கள் கேட்பதும் பெரும்பாலும் அங்கேதான் கைக்கு வரும்.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாம் உட்கட், அதாவது மரவெட்டு அச்சு, செய்வது உங்களுக்குத் தெரியும்: எண்ணெய் மையை ரோலரால் உருட்டி, காய்ந்த தாளை வைத்து, பிரஸ்ஸில் விட்டோ கரண்டியால் தேய்த்தோ எடுப்போம். அங்கே மொகுஹாங்கா என்னும் முறையில் ரோலரும் கிடையாது, பிரஸ்ஸும் கிடையாது. தண்ணீரில் கரையும் நிறத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் பலகையின் மேல் வைத்துத் தூரிகையால் பரப்புவார்கள். ஈரத் தாளை அதன்மேல் இறக்கி, பின்பக்கத்தை பாரன் என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்துவார்கள். நிறம் தாளின் மேல் படியாமல் நாருக்குள் இறங்கிவிடும். அச்சைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்திலும் நிறத்தின் சாயல் தெரியும். அந்த ஊறிய நிறத்தின் மென்மையை எண்ணெய் மையில் கொண்டுவர முடியாது.

இதில் எல்லாமே தாளின் ஈரத்தைப் பொறுத்தது. முதல்நாள் மாலையே தாள்களை நனைத்து, ஈரச் செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மூடி வைக்க வேண்டும். இரவு முழுவதும் ஈரம் எல்லாத் தாள்களிலும் சமமாகப் பரவும். மறுநாள் அச்சடிக்கும்போது தாள் பாதி உலர்ந்துவிட்டால் அது சுருங்கும். சுருங்கினால் அடுத்த நிறம் தன் இடத்தில் உட்காராது. நிறத்துக்கு ஒன்றாக ஐந்தாறு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடும்போது நிறங்கள் விலகாமல் இருப்பதற்கு கென்டோ என்ற ஏற்பாடு உண்டு. பலகையின் ஓரத்திலேயே ஒரு மூலைக்குழியையும் ஒரு கோட்டுக்குழியையும் செதுக்கிவிடுவார்கள். தாளின் மூலை முதல் குழியிலும் விளிம்பு இரண்டாவதிலும் உட்காரும். இவ்வளவுதான் கருவி. எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) அச்சுகளில் மயிரிழை கூடப் பிசகாத நிறங்களைப் பார்த்து வியக்கிறோமே, அவை இந்த இரண்டு குழிகளாலும் தாளின் ஈரத்தைக் கையால் அறிந்தவர்களாலும் வந்தவை.

பாரனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல பாரனுக்குள் மூங்கில் மடலின் நாரை முறுக்கித் திரித்த கயிறு, பாய் சுருளைப் போலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கயிற்றின் முடிச்சுகள்தான் அழுத்தத்தைப் புள்ளி புள்ளியாகப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதைத் தாங்குவது, தாளைப் பல அடுக்காக ஒட்டி அரக்குப் பூசிய தட்டு. வெளியே மூங்கில் மடலால் போர்த்தி, மடலின் இரு முனைகளையும் முறுக்கிக் கைப்பிடியாகக் கட்டியிருப்பார்கள். மடல் தேய்ந்து கிழிந்துவிடும். அப்போது புது மடலை நனைத்து, இழுத்து, நீங்களேதான் மாற்றிக் கட்ட வேண்டும். அச்சு வகுப்பில் முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் இதுவும் ஒன்று. படம் என்ன வரையப்போகிறீர்கள் என்று யாரும் கேட்காத நிலையில், மடல் கட்டவும் உளி தீட்டவும் தாள் நனைக்கவும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். பொறுமை இழக்காமல் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டம் பிற்பாடு வாழ்நாள் முழுவதும் பயன்படும். என் அச்சுகளில் இன்று நல்லது என்று நான் நினைப்பதெல்லாம் அந்த நாட்களில் கிடைத்தவை.

பலகைக்கு அந்தக் காலத்தில் மலைச் செர்ரி மரம். இப்போது மாணவர்கள் பெரும்பாலும் ஷினா என்ற மென்மரத்தின் ஒட்டுப்பலகையில்தான் வேலை செய்கிறார்கள். விலை குறைவு, செதுக்கவும் எளிது.

தாளுக்காகவே ஒருமுறை கிராமங்களுக்குப் போங்கள். கோசோ என்ற காகித மல்பெரிச் செடியின் உள்பட்டையை வேகவைத்து, அழுக்குத் துணுக்குகளைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, அடித்து நாராக்குவார்கள். நார் தொட்டியின் அடியில் படிந்துவிடாமல் மிதப்பதற்காக வெண்டைக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாற்றைக் கலப்பார்கள். வெயில் காலத்தில் அந்தச் சாறு சீக்கிரம் நீர்த்துப்போகும் என்பதால் குளிர்காலம்தான் நல்ல தாளுக்கான பருவம். விரல் மரத்துப்போகும் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். ஷிமானே, கிஃபு, சைதாமா மாநிலங்களைச் சேர்ந்த மூன்று கைத்தாள் மரபுகளை 2014 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கியோட்டோவில் இருப்பவருக்குப் பக்கத்தில் உள்ள தாள் கிராமம், அயாபேயின் குரோதானி. ஃபுக்குய் மாநிலத்தின் எச்சிசென் தாள், மரவெட்டு அச்சுக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தாள். அதைச் செய்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தபின் ஒரு தாளைக் கசக்கி எறிய மனம் வராது.

ஓவியம் படிக்கிறவர்களுக்கு இதே அனுபவம் நிஹோங்கா துறையில் கிடைக்கும். ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் நாட்டுக்குள் வந்தபிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்டிக்கொண்ட ஓவிய முறை அது. அசுரைட், மாலகைட் போன்ற கனிமங்களைப் பொடித்து நிறமாக்குவார்கள். ஒரே கல்லின் பொடியைச் சலித்து எண் கொடுத்திருப்பார்கள். பொடி பருமனாக இருந்தால் நிறம் ஆழமாகவும், நுண்மையாக ஆக ஆக வெளிறியும் இருக்கும். வெள்ளைக்குச் சிப்பிச் சுண்ணம். இவற்றைத் தாளில் பிடித்து நிறுத்துவது நிகாவா. நம் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரம் இருக்கிறதே, அந்த வகைதான். அதை இரவில் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். பொடியை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு, நிகாவா சொட்டுகள் விட்டு, நடுவிரலால் குழைப்பார்கள். சிப்பிச் சுண்ணத்தை நிகாவாவோடு பிசைந்து உருண்டையாக்கி, தட்டில் திரும்பத் திரும்ப அடித்துப் பதப்படுத்துவார்கள். நிகாவா அதிகமானால் நிறம் வெடிக்கும், குறைந்தால் உதிரும். சரியான அளவு எது என்பது அன்றைய வானிலையையும் பொறுத்தது. ஜூன் மாத மழைக்காலத்தில் கரைத்த நிகாவா சீக்கிரம் கெட்டுப்போகும், ஜனவரியில் தட்டிலேயே உறைந்துவிடும்.

நிகாவா விலங்கின் தோலிலிருந்து எடுப்பது. சைவக் கொள்கையில் உறுதியாக இருப்பவர்கள் இதைப் போவதற்கு முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். மொகுஹாங்காவில் பசை அரிசிதான். ஆனால் தாள் நிறத்தை அளவுக்கு மீறி உறிஞ்சாமல் இருக்கப் பூசும் டோசா என்ற கலவையில் படிகாரத்தோடு நிகாவா சேரும், கட்டி மையான சுமியிலும் அது உண்டு. ஆசிரியரிடம் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் அவர் மாற்று வழி யோசித்துத் தருவார். எனக்குத் தெரிந்த சிலர் அப்படிப் பேசித்தான் வேலை செய்தார்கள்.

சரி, வகுப்பு எப்படி நடக்கும்? நம் கல்லூரிகளில் ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் கையிலிருந்து கரியை வாங்கி ஒரு கோடு போட்டுக் காட்டுவார். அங்கே உங்கள் வேலையை யாரும் தொடமாட்டார்கள். பேராசிரியர் வாரத்தில் சில நாட்கள்தான் வருவார், வந்தாலும் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம். அவர் போனபிறகு “எனக்கு ஒன்றுமே சொல்லித்தரவில்லை” என்று வருந்தும் வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. நீங்கள் போய்க் கேட்டால்தான் பதில். அதுவும் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்பதோடு முடிந்துவிடும். “இந்த நீலம் தாளின் ஓரத்தில் மட்டும் திட்டாக வருகிறது, பசை அதிகமா, தாள் காய்ந்துவிட்டதா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, அரை நாள் உங்களோடு செலவழிப்பார். துல்லியமாகக் கேட்கும் மாணவருக்கு அங்கே கிடைக்கும் கவனம் வேறெங்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்றாடம் உண்மையில் சொல்லித்தருவது உதவியாளர்கள். படிப்பை முடித்துவிட்டுத் துறையிலேயே சில ஆண்டுகள் வேலை பார்க்கும் இளம் கலைஞர்கள் அவர்கள். எந்தக் கடையில் எந்த உளி, அமிலத் தொட்டியை எப்போது மாற்றுவது, எந்தத் தாள் எந்த வேலைக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கூடத்தைச் சுத்தம் செய்வது எல்லோருடைய வேலையும்தான். துடைப்பத்தை எடுக்காமல் கிளம்பினால் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் அது கவனிக்கப்படும். கருவிகள் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் இடம் இருக்கும், அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். மூத்த மாணவர் உங்களுக்குக் காட்டித் தருவார், நீங்கள் அடுத்த ஆண்டு வருகிறவருக்குக் காட்டித் தர வேண்டும். மூத்தவர், இளையவர் என்ற வரிசையில் வயதைவிடச் சேர்ந்த ஆண்டுக்குத்தான் மதிப்பு. இந்த ஒழுங்கு சிலருக்கு இறுக்கமாகப் படும். எனக்கு அது பிடித்திருந்தது. பத்துப் பேர் பகிரும் ஒரு கூடத்தில் யாரும் குரல் உயர்த்தாமல் வேலை நடப்பதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

பருவ இறுதியில் விமர்சன அமர்வு இருக்கும். எல்லா வேலைகளையும் சுவரில் மாட்டி, ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றி முதலில் பேச வேண்டும். பேசி முடித்ததும் ஒரு நீண்ட மௌனம் வரும். பழக்கமில்லாதவருக்கு அந்த மௌனம் பயத்தைத் தரும். பதறிப்போய் மேலும் பேசாதீர்கள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் சின்னவை: ஏன் இந்தத் தாள், ஏன் இந்த அளவு, ஏன் இவ்வளவு உயரத்தில் மாட்டினீர்கள்? கருத்தைப் பற்றிப் பேசப் பழகிய நமக்கு இது மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் தேடினால் கருத்தும் தானாகத் தெளியும். சக மாணவர்களின் வெளிப்படையான அபிப்பிராயம் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வரும். அதற்காகவாவது அந்த விருந்துக்குப் போங்கள். மது குடிக்காவிட்டால் ஊலாங் தேநீர் வாங்கிக்கொள்ளலாம், யாரும் வற்புறுத்தவில்லை.

உங்களோடு படிக்கப்போகிறவர்களின் கை எவ்வளவு பழுத்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பெரிய கலைப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை இடம் கிடைப்பது மிகக் கடினம். டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறையில் ஒரு இடத்துக்குப் பத்துப் பேருக்கும் மேல் போட்டி. நுழைவுத் தேர்வுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளிகளில் ஓராண்டு, ஈராண்டு, சிலர் அதற்கும் மேல் பிளாஸ்டர் சிலைகளைக் கரியில் வரைந்து வரைந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அந்தத் திறமையை உதறிவிட்டு வேறு ஏதோ தேடுவார்கள். வீடியோ எடுப்பார்கள், மண்ணைத் தோண்டுவார்கள், ஒன்றும் செய்யாமல் சில மாதம் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜப்பான் என்றால் மரபு மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவர்கள் இந்த இடத்தில் திகைப்பார்கள். 1954 இல் தொடங்கிய குதாய் குழு, தாளைக் கிழித்துக்கொண்டு உடலோடு பாய்ந்ததையும் சேற்றில் புரண்டதையும் கலை என்று முன்வைத்தது. 1968 இல் செக்கினே நோபுவோ கோபே நகரப் பூங்கா ஒன்றில் 2.7 மீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் குழி தோண்டி, எடுத்த மண்ணை அதே அளவு உருளையாகப் பக்கத்திலேயே நிறுத்தினார். மோனோஹா என்று பிறகு பெயர்பெற்ற போக்கின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். அந்தக் கலைஞர்களில் பலர் டோக்கியோவின் தாமா கலைப் பல்கலைக்கழக மாணவர்கள். கல்லையும் மண்ணையும் எஃகுத் தகட்டையும் அதிகம் மாற்றாமல் அப்படியே வைத்தவர்களும், நிகாவாவின் பதத்துக்காக இரவெல்லாம் காத்திருப்பவர்களும் எனக்கு ஒரே குடும்பமாகத்தான் தெரிகிறார்கள். பொருள் சொல்வதைக் கேட்பது இரண்டிலும் இருக்கிறது. விடுமுறையில் எச்சிகோ-துமாரி, செத்தோஉச்சி கலைத் திருவிழாக்களுக்குத் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். முதலாவது 2000 இலும் அடுத்தது 2010 இலும் தொடங்கின. மூன்றாண்டுக்கு ஒருமுறை வயல்களிலும் தீவுகளிலும் காலியான பள்ளிக்கூடங்களிலும் நடப்பவை. ஊர்ப் பாட்டிகளோடு பேசித்தான் ஜப்பானிய மொழி நன்றாக வரும்.

கண்காட்சி வைக்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே தொடங்கிவிடும். டோக்கியோவின் கின்சாவிலும் கியோட்டோவின் மையப் பகுதியிலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன காலரிகள் உண்டு. வாடகை உங்கள் கைப்பணம். அழைப்பு அஞ்சலட்டை அச்சிட்டு மற்ற காலரிகளில் வைப்பீர்கள். கண்காட்சி நடக்கும் நாட்களில் கலைஞர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வருகிறவர்கள் வாசலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதுவார்கள். அறிமுகமே இல்லாத முதியவர் ஒருவர் உள்ளே வந்து ஒவ்வொரு அச்சாகப் பார்த்துவிட்டு, தாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். விற்பனை இல்லாவிட்டாலும் அந்த வாரம் வீண் இல்லை.

நமக்கும் அவர்களுக்கும் கலையில் பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. டோக்கியோ நுண்கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த ஒக்காக்குரா 1902 இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த ஆண்டு யொக்கோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தாகூர் நிறத்தைத் தண்ணீரில் கழுவிக் கழுவி மங்கலாக்கும் வாஷ் முறைக்கு வந்தார். அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929 இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வரானார். ஆக, நம் கல்லூரிகளில் படித்தவர்களின் ஆசிரியர் பரம்பரையில் ஒரு சிறு இழை டோக்கியோவுக்கும் போகிறது. மறுபக்கம், அராய் கம்போ என்ற ஓவியர் 1916 இல் வந்து அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். மரவெட்டு அச்சுக் கலைஞர் யோஷிதா ஹிரோஷி 1930களின் தொடக்கத்தில் இந்தியப் பயணத்துக்குப் பிறகு செய்த தொடரில் மதுரைக் கோயிலும் உண்டு. கியோட்டோவில் ஜூலையில் நடக்கும் கியோன் திருவிழாவின் தேர்களைப் பார்க்கப் போனால், அலங்காரத் துணிகளைக் கவனியுங்கள். பாரசீகம், சீனம், ஐரோப்பாவிலிருந்து வந்த துணிகளோடு இந்தியச் சீட்டித்துணியும் தொங்கும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போன நம் மாணவர்களில் சிலர் முதல் ஆண்டிலேயே செர்ரிப் பூவும் அலையும் செதுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பேராசிரியர்கள் அதைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊர் ஆற்றையும், கோயில் தூணையும், வீட்டு வாசல் கோலத்தையும் அந்த ஈரத் தாளில் இறக்கிப் பாருங்கள். அப்போது கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

எங்கே சேருவது என்ற கேள்விக்கு வருகிறேன். அரசு சார்ந்தவற்றில் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம், கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகம், கனாசாவா கலைக் கல்லூரி மூன்றும் முக்கியம். கியோட்டோவில் உள்ளது 1880 இல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கியது, 2023 இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புது வளாகத்துக்கு மாறியது. தனியாரில் தாமா, முசாஷினோ, கியோட்டோ செய்க்கா. காமிக்ஸ் படிக்க வேண்டும் என்றால் செய்க்காவில் மங்காவுக்குத் தனிப் புலமே இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு துறையின் பேராசிரியர்களும் கலைஞர்கள், அவர்களுடைய வேலைகள் பொதுவெளியில் கிடைக்கும். யாருடைய வேலையைப் பார்த்து உங்களுக்குக் கை துறுதுறுக்கிறதோ அவரைத் தேர்ந்தெடுங்கள். பட்ட மேற்படிப்பில் உங்கள் வாழ்க்கை அந்த ஒரு மனிதரைச் சுற்றித்தான் இருக்கும். பெரும்பாலும் முதலில் பட்டம் இல்லாத ஆய்வு மாணவராகச் சேர்ந்து, ஓராண்டு மொழியையும் கூடத்தையும் பழகி, பிறகு முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். அதற்கே பேராசிரியரின் சம்மதம் வேண்டும். முதுகலைக்கு 16 ஆண்டுக் கல்வி எதிர்பார்க்கிறார்கள். நம் பி.எஃப்.ஏ. நான்காண்டு என்பதால் உங்களுக்கு அது தடையில்லை.

பணத்துக்கு முதல் வழி ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை. 1954 முதல் நடக்கும் திட்டம். கல்விக் கட்டணம் இல்லை, விமானச் சீட்டு உண்டு, ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென், முதுகலையில் சேர்ந்தபின் 1,44,000. தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் வழியும் உண்டு. தூதரக வழியில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். கலை மாணவர்கள் ஆய்வுத் திட்டத்தோடு தங்கள் படைப்புகளின் படங்களையும் இணைக்க வேண்டும். விண்ணப்பம் கோடையில் வரும், கிளம்புவது அடுத்த ஆண்டுதான். எனவே இறுதியாண்டிலேயே ஆரம்பியுங்கள். ஆய்வுத் திட்டத்தில் “ஜப்பானியப் பண்பாட்டின் மேல் சிறுவயதிலிருந்தே ஆர்வம்” என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீர்நிற அச்சில் நிறம் நாருக்குள் இறங்குவதை வைத்து நீங்கள் என்ன செய்து பார்க்கப்போகிறீர்கள், அதற்கு ஏன் அந்த ஆசிரியர் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்.

சொந்தப் பணத்தில் போனால், தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் 2019 முதல் ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 ஆக்கிவிட்டது. தனியாரில் இன்னும் அதிகம். அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆனால் இரவில் கடையில் நின்றுவிட்டுக் காலையில் பலகை முன் உட்காருவது கடினம். கட்டணத்துக்கே அந்தச் சம்பளத்தை நம்பிப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா என்றால், உயிர் வாழலாம், படிக்க முடியாது. உதவியாளர் சொல்லும் குறிப்பும், அமர்வில் வரும் கேள்வியும், சாப்பாட்டு மேசைப் பேச்சும் ஜப்பானிய மொழியில்தான். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், போகும்போது குறைந்தது என்4, முதுகலைத் தேர்வுக்குள் அதைவிட உயர்ந்த என்2 நிலை என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் மொழி வகுப்பும் நடத்துகிறது, ஜே.எல்.பி.டி. தேர்வையும் நடத்துகிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் அந்தத் தேர்வு. வினை கடைசியில் வரும் வாக்கிய அமைப்பு நமக்குப் பழக்கம் என்பதால் பேச்சு சீக்கிரம் வரும். எழுத்துதான் உழைப்பு.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: காய்கறிச் சூப் என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும், சைவர்கள் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். அரிசியும் பருப்பும் மசாலாவும் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால் செலவில் 30 சதவீதம்தான் உங்களுடையது. வீடு தேடும்போது வெளிநாட்டவருக்கு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், எனக்கும் நடந்தது. முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியிலேயே இருந்துவிடுங்கள். நட்பு மெதுவாகத்தான் வரும். புத்தாண்டு வாரத்தில் எல்லோரும் ஊருக்குப் போய்விட, விடுதி காலியாகிவிடும். அந்த வாரத்துக்கு ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். தனிமை வேலையைக் கெடுக்க ஆரம்பித்தால் உதவியாளரிடமோ மாணவர் ஆலோசனை அறையிலோ பேசுங்கள். அங்கே யாரும் தாமாக வந்து கேட்கமாட்டார்கள், ஆனால் நீங்கள் சொன்னால் விட்டுவிடவும் மாட்டார்கள்.

இரண்டாண்டு வெளியே இருக்க வீட்டுச் சூழல் இடம் தராது, அல்லது உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஃபுஜி மலையடிவாரத்தில் கவாகுச்சி ஏரிப் பக்கம் எம்ஐ-லாப் என்ற மொகுஹாங்கா பயிலகம், வெளிநாட்டுக் கலைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சி நடத்துகிறது. ஏற்கெனவே செதுக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சில வாரங்களில் பாரனும் கென்டோவும் தாள் நனைப்பதும் கைக்கு வந்துவிடும். அப்புறம் கும்பகோணத்திலேயே உட்கார்ந்து அச்சடிக்கலாம். அரிசிப் பசைக்கு அங்கே பஞ்சமில்லை, காற்றில் ஈரமும் போதுமான அளவு இருக்கிறது. தாளை மட்டும் ஜப்பானிலிருந்து வாங்கி வாருங்கள்.